செட்டிநாட்டில் சிறுதொழில்: புதிதாக வருகிறவர்கள் எதை முதலில் செய்வது?

கானாடுகாத்தானில் இருநூறு நோட்டீஸ் போட்டேன். தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடுகள். வீட்டுக்கு நாலு பேர் என்றாலும் எண்ணூறு வாய் என்று மனக்கணக்கு. நான் சாத்தூர்ப் பக்கத்து ஆள், காராச்சேவு போட்டே வளர்ந்த குடும்பம். ஒரு மாதம் கழித்து அதே தெருவில் போனால், நோட்டீஸ்கள் கேட் இடுக்கில் செருகியபடியே வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. ஒரு வீட்டு முகப்பைக் கூட்டிக்கொண்டிருந்த காவல்காரர் சொன்னார்: "தம்பி, இந்த வளவு வருசத்துக்கு ரெண்டு தரம், மூணு தரம்தான் திறக்கும். பூட்டுக்கு முறுக்குத் திங்கத் தெரியாது."

காரைக்குடி வட்டாரத்தில் கடையோ பட்டறையோ சின்ன விடுதியோ தொடங்க வருகிறவர்கள் பலரும் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தத் திட்டத்தில் கடன் கிடைக்கும்?" என்பதுதான். கடன் நாலாவது வேலை. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன. முதலாவது அந்தக் காவல்காரர் சொன்னது.

ஒன்று: வீடு எப்போது திறக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு பெரிய காலண்டர் வாங்கிக் கடைச் சுவரில் மாட்டுங்கள், தமிழ் மாதம் போட்டது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் சென்னை, கோவை, சிங்கப்பூர், மலேசியா என்று பரவிக் கிடந்தாலும் கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கோயில் காரியம் என்றால் சொந்த ஊருக்கு வருவார்கள். தை முக்கியம். பொங்கல் முடிந்ததும் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு, தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை, குன்றக்குடிக் கூட்டம். மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா. பால்குடம் போகும் நாளில் ஊரே தெருவில் நிற்கும். வைகாசியும் ஆவணியும் முகூர்த்த மாதங்கள். ஆவணியை ஒட்டிப் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி விழா பத்து நாள் நடக்கும். கார்த்திகைத் தீபத்துக்கு இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு; மாவும் வெல்லமும் பொரியும் தேடி வருவார்கள். வீடு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் வெயில் தாழ்ந்த மார்கழி, தை, மாசியில்தான் அதிகம்.

இதில் சரக்கு எப்போது சேர்ப்பது, ஆள் எப்போது கூட்டுவது, எந்த மாதம் வாடகைக்கே திண்டாடுவீர்கள் என்பது எல்லாம் தெரிந்துவிடும். ஆடியில் திறந்துவிட்டு ஊரைத் திட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் திறந்த வீட்டை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. அன்றாடக் காசு வருவது வேறு ஆட்களிடம்: அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், துணி எடுக்கவும் மருத்துவமனைக்கும் காரைக்குடி வரும் சுற்றுக்கிராமத்து ஜனங்கள், புதுவயல் அரிசி ஆலைக்காரர்கள். என் கடையில் வாரநாளில் ஓடுவது சாத்தூர்ச் சேவு. கல்யாண மாதத்தில் ஓடுவது தேன்குழல், மனகோலம், சீடைக்காய். பின்னதை நான் போடுவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மா போடுகிறார். ஆச்சிமார் ஒரு கடி கடித்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியூர்க்காரன் "செட்டிநாடு" என்று போர்டு வைத்து அரைகுறையாகச் செய்தால் ஒரே கல்யாணத்தோடு சரி.

அந்தக் காவல்காரரிடம் என் போன் நம்பரைக் கொடுத்தேன். இருநூறு நோட்டீஸ் செய்யாத வேலையை அந்த ஒரு நம்பர் செய்தது. வீடு சுத்தம் செய்ய ஆள் சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிடும், யார் வருகிறார்கள், எத்தனை இலை என்று. சமையல்காரர், பந்தல்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் இந்த மூவரையும் முதல் மாதமே பழக்கம் பிடியுங்கள்.

இரண்டு: நீங்கள் நிற்கும் இடம் எந்த மாவட்டம்?

சின்ன விஷயம்தான், ஆனால் நிறையப் பேர் இதில்தான் அலைகிறார்கள். செட்டிநாடு என்பது அரசுக் கணக்கில் ஒரே இடம் அல்ல. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். கோனாபட்டு, இராயவரம், கடியாபட்டி, இராங்கியம் என்று போனால் புதுக்கோட்டை மாவட்டம். மாவட்டத் தொழில் மையம், உணவுப் பாதுகாப்பு அலுவலர், மாவட்டத்துக் கடன் வேலைகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி எல்லாமே அதற்குத் தகுந்தபடி மாறும். என் நண்பர் ஒருவர் காரைக்குடியில் குடியிருந்துகொண்டு கடியாபட்டியில் பட்டறை போட்டார். சிவகங்கை அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்த பிறகுதான் இது புதுக்கோட்டைக் கோப்பு என்று சொன்னார்கள்.

அடுத்தது, அந்த இடம் கிராமமா நகரமா. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. அக்கம்பக்கத்து ஊர்கள் சிலவும் அதற்குள் வந்துவிட்டன. நேற்று வரை ஊராட்சி என்று நினைத்த இடம் இன்று வார்டாக இருக்கலாம். தொழில் உரிமம் யாரிடம் வாங்குவது என்பதும், சில திட்டங்களில் மானிய விகிதமும் இதைப் பொறுத்தே. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்குக் கிராமத்தில் 25 சதவீதம், நகரத்தில் 15 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தார், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35, 25 என்று வைத்திருந்தார்கள். ஒரு தெரு தள்ளிக் கடை பிடிப்பதில் பத்து சதவீதம் போய்விடும். வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று: காகிதம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், படிக்க யாருக்கும் பிடிக்காது.

முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழிலுக்கான மத்திய அரசின் பதிவு. 2020 ஜூலை முதல் இருக்கிறது. ஆதாரும் பானும் போதும். அரசு இணையதளத்தில் காசு கிடையாது. நான் ஒரு கணினி மையத்தில் 2,500 ரூபாய் கொடுத்துச் செய்தேன். "மேலிடத்துக் கட்டணம்" என்றார்கள். ரசீது கேட்டபோது பிரிண்டர் ரிப்பேர். அரசுத் தளம் போலவே பெயர் வைத்துக்கொண்டு பணம் கேட்கும் தளங்களும் உண்டு, கவனம்.

நடப்புக் கணக்கு ஒன்று, கடைப் பெயரில். உள்ளாட்சியில் தொழில் உரிமம். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி. சிறு அளவுக்குப் பதிவு போதும், பெரிதானால் உரிமம். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் வர வேண்டும். கூடவே தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எவ்வளவு நாள் தாங்கும், என்னென்ன சேர்ந்தது, சைவத்துக்கான பச்சைப் புள்ளி. "வீட்டுப் பலகாரந்தானே" என்று விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு வருகிறவருக்கு வீட்டுப் பலகாரமும் பாக்கெட்தான்.

ஜிஎஸ்டி எல்லாருக்கும் முதல் நாளே தேவையில்லை. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. ஆனால் பெங்களூருக்கு ஒரு பெட்டி பலகாரம் விலைக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. அப்போது 40 லட்சக் கணக்கு உதவாது. கைவினைப் பொருளுக்கு மட்டும் தனிச் சலுகை இருக்கிறது. ஒரு நல்ல கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பெயர்ப் பலகையில் தமிழ்தான் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம். பலகை எழுதுபவருக்கு இது தெரியும், ஆனால் நீங்கள் ஸ்டிக்கர் கடையில் அடித்தால் அவனுக்குத் தெரியாது.

நாலு: கணக்கு, அதற்குப் பிறகே கடன்

இந்த மண்ணுக்கு வந்து தொழில் செய்கிறவர் இதை இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும்; வேறெங்கும் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்ள முடியாது. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் "கொண்டுவிக்க", அதாவது வட்டிக்கடையும் வியாபாரமும் நடத்த, போனவர்கள் கையில் பெட்டகமா இருந்தது? பேரேடு இருந்தது. சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கூட்டிப் பெருக்குவான், அன்றாடச் சிட்டை எழுதுவான், அடுத்தாளாக, அதாவது பொறுப்பாளருக்கு உதவியாளாக, உயர்வான், பிறகு ஒரு கடையையே நடத்துவான். ஏஜண்டாகப் போனவர் பெரும்பாலும் மூன்று வருடம் ஒரு கணக்கு என்று இருந்துவிட்டு வருவார். இருக்கும்போது ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும்: வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, கையிருப்பு, லாபம், நட்டம். கடல் தாண்டி இருந்த முதலாளி அந்தத் தாளைப் பார்த்தே கடை எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தது என்றால், அப்படிப்பட்ட கணக்குப் பழக்கம் ஊறிய ஊரிலிருந்து வந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு வங்கி மேலாளர் கேட்பதும் அதே ஐந்தொகைதான், பெயர் மட்டும் வேறு. ஆகவே கடனுக்கு அலைவதற்கு முன் ஆறு மாதம் இதைச் செய்யுங்கள். விற்ற காசு முழுவதையும் நடப்புக் கணக்கில் போட்டுவிட்டு, வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாவிலிருந்து பிள்ளைக்கு நோட்டு வாங்கினால் அதையும் எழுதுங்கள். மாதக் கடைசி நாளில் ஒரு தாளில் ஐந்து வரி: கையிருப்பு, சரக்கு, வர வேண்டியது, தர வேண்டியது, மீதி. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய கணக்கப்பிள்ளை. என் நோட்டைப் புரட்டிவிட்டு, "தம்பி, நல்லா எழுதியிருக்கே. ஆனா இதுல கடை எங்கே முடியுது, வீடு எங்கே ஆரம்பிக்குதுன்னுதான் தெரியலை" என்றார். அன்றிலிருந்து இரண்டு நோட்டு.

இனி திட்டங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டிய பெயர்கள் இவை. வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்: எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும், 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம் மானியம். பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் திட்டம்: 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை, 25 சதவீத மானியம், 75 லட்சம் உச்சம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும். முப்பத்தைந்து வயது கடந்த கைவினைஞர் என்றால் கலைஞர் கைவினைத் திட்டம்: 3 லட்சம் வரை கடன், 50,000 வரை மானியம், 5 சதவீத வட்டிச் சலுகை. மரச் சிற்பம், ஓலை முடைதல் செய்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இவை நிதியாண்டு மாறும்போது மாறும். விண்ணப்பிக்கும் வாரம் மையத்திலேயே அன்றைய வரம்பைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மானியம் கைக்கு வரும் பணம் அல்ல. பிரதமர் திட்டத்தில் அது மூன்று ஆண்டு உங்கள் பெயரில் வைப்பாக வங்கியிலேயே கிடக்கும். தொழில் நடக்கிறது என்று பார்த்த பிறகே கடனில் கழியும். அதுவரை தவணை உங்கள் தலையில். "மானியம் வந்ததும் கொடுக்கிறேன்" என்று ஆசாரிக்கும் மிஷின்காரருக்கும் வாக்குக் கொடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பயிற்சி வேண்டுமென்றால் முன்னோடி வங்கி நடத்தும் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையம், ஆர்செட்டி என்பார்கள், இலவசம், சாப்பாடும் போடுவார்கள். பத்து நாள் கடையை மூட வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். அங்கே உங்களோடு உட்காரும் முப்பது பேரில் இரண்டு பேர் பிறகு உங்கள் சரக்கு வாங்குவார்கள்.

ஐந்து: சங்கம், சந்தா, மகமை

உங்கள் பஜாரில் வணிகர் சங்கம் எது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டு, சந்தா கட்டிச் சேருங்கள். குப்பை வண்டி, வாகன நிறுத்தம், புதிய வரி, வாடகை உயர்வு, எதிர்த்த தெரு தோண்டப் போகிறார்கள் என்ற செய்தி எல்லாம் முதலில் வந்து விழும் இடம் அது. மே 5 வணிகர் தினம். மாநாட்டுக்குப் போகிறீர்களோ இல்லையோ, பல கடைகள் அன்று அடைப்பு என்பதால் சரக்கு வருகையை ஒருநாள் முன்னே வையுங்கள். கூட்டத்தில் முதல் மூன்று மாதம் வாயைத் திறக்காமல் காது கொடுத்தால் நல்லது. "எங்க ஊரில் எப்படின்னா" என்று தொடங்கும் பேச்சை இங்கே யாரும் ரசிப்பதில்லை, அனுபவம்.

மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்டம் நடத்தும் கண்காட்சி, கல்லூரிச் சந்தைகளில் இடம் கேட்கலாம். கல்லூரிச் சந்தையில் பெரிய பாக்கெட் போகாது. பத்து, இருபது ரூபாய்ப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போங்கள்.

பிறகு திருவிழா நன்கொடை. ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள், பங்குனியில் ஒரே வாரத்தில் நாலு பேர்கூட. பயந்து பெரிய தொகை எழுதவும் வேண்டாம், முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். நகரத்தார் கணக்கில் மகமை என்று ஒரு பற்று உண்டு. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கி, முதலிலேயே எழுதி வைப்பார்கள். நானும் அப்படியே செய்கிறேன். விற்பனையில் இவ்வளவு என்று மாதாமாதம் ஒதுக்கிவிட்டால், ரசீதுப் புத்தகம் வரும்போது கொடுப்பது சொந்தக் காசு போலவே தோன்றாது.

ஆறு: இந்த ஊர்ச் சரக்கைத் தொடுவதென்றால்

புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆத்தங்குடித் தரைக்கல், கண்டாங்கிச் சேலை, கொட்டான், பழைய பொருள் இவற்றில் ஒன்றின் மேல் கண். நல்லதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முள் இருக்கிறது.

ஆத்தங்குடிக் கல்லில் முள், நாள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த கலவையைக் கையாலேயே ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, உலரவைத்துத் தருகிறார்கள். ஒரு கல் போல் இன்னொரு கல் இருக்காது. அதுதான் அதன் அழகு, வாங்குபவரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்வது தாமதம். சென்னைக் கட்டடப் பொறியாளரிடம் "பத்து நாளில் இறக்குகிறேன்" என்று சொல்லாதீர்கள். லாரியில் உடைவது யார் கணக்கு என்பதை ஆர்டரிலேயே எழுதுங்கள்.

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறிச் சேலையை அந்தப் பெயரில் விற்றால் சட்டப்படி தப்பு, அதைவிட ஊரில் பெயர் கெடும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ தறிக்காரரிடமோ நேரே போங்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் குறியீடு உண்டு. பனையோலையில் முடைவது; கல்யாணச் சீரில் வைப்பது. நான் பலகாரத்தைக் கொட்டானில் வைத்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு பெட்டிக்குக் கொடுத்த காசு முடைபவர்களுக்குப் போகிறது, வாங்குகிறவர் கொட்டானைத் தூக்கி எறிவதும் இல்லை. ஓலை கிடைக்கும் அளவைப் பொறுத்தே முடைய முடியும் என்பதால் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும், முன்பணத்தோடு.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். நூறு வருடம் கடந்த சிலை, சிற்பம், ஓவியம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. எனாமல் தூக்குவாளியும் பீங்கான் ஜாடியும் வேறு, கோயில் விக்கிரகம் வேறு. சந்தேகம் வந்தால் தொடாதீர்கள்.

ஏழு: வர வேண்டிய காசு

கல்யாண வீட்டில் பாக்கி நிற்காது. மொய் எழுதும் இடத்திலேயே தீர்த்துவிடுவார்கள், பெரும்பாலும். காசு நிற்பது பெரிய விடுதி, பெரிய கடை, வெளியூர் ஒப்பந்தக்காரர் பக்கம். நீங்கள் பொருள் செய்பவரோ சேவை தருபவரோ என்றால் 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்குள், கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். இந்தப் பாக்கிகளுக்கென்றே இருக்கும் வசதி மன்றம் விசாரிக்கும். வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

நான் புகார் வரை போனது ஒரே ஒருமுறை. ஒரு விடுதி, மூன்று மாத பாக்கி. புகார் போடுமுன் ஒரு கடிதம் எழுதினேன்: பில் எண், தேதி, தொகை, 45-ஆம் நாள் எது, அன்றிலிருந்து வட்டி எவ்வளவு, அடியில் உத்யம் எண். பணம் அடுத்த வாரமே வந்தது, வட்டி இல்லாமல். வட்டியை நான் கேட்கவில்லை, அந்த விடுதிக்கு இன்றும் சேவு போகிறது. பில்லுக்கு முந்திய தேதியில் உத்யம் பதிவு இருந்ததுதான் அன்று கை கொடுத்தது. அதனால் கடைக்குப் பூஜை போடும் வாரமே அதை முடித்துவிடுங்கள். கணினி மையத்தில் 2,500 கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.